குடித்த இரவிலும் குளிசை: எங்கள் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்தியப் பணிப்பாளர்களுக்கும், கொழும்பில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சந்தியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் என் தொழில். டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. என் அண்ணன் எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறவர். அது அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அம்மாவுக்குக் கூடத் தெரியாது. அதனால் என் பெயரையும் ஊரையும் எழுதவில்லை, எந்தக் கிளினிக் என்றும் எழுதவில்லை. ஒருவரைக் குற்றம் சொல்லி மாட்டிவிட இதை எழுதவும் இல்லை. ஒரு வேலை செய்துதரச் சொல்லிக் கேட்கிறேன், அது ஏன் வேண்டும் என்று விளங்கவேண்டுமானால் முதலில் அண்ணனின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அண்ணன் மேசன் வேலை செய்கிறார். சனிக்கிழமை பின்னேரம் சம்பளம். சம்பளம் கைக்கு வந்தால் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து சாராயம், சில கிழமை கசிப்பு என்ற கள்ளச்சாராயம். மற்ற நாட்களில் தொடமாட்டார். "ஒள்ளுப்பம்தான் புள்ள", கொஞ்சம்தான் என்பார். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அந்த ஒள்ளுப்பம் இறங்காது. போன வருடம் இரத்தப் பரிசோதனையில் வைரஸ் மறுபடி ஏறியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் நல்லாக அடங்கியிருந்தது. டொக்டர் "ஒழுங்காகக் குளிசை போடுறீங்களா" என்று கேட்டாராம், இவர் "ஓம்" என்றாராம். மருந்து மாற்றவேண்டி வருமோ என்று கூடப் பேச்சு வந்தது.

ஒருநாள் அண்ணி அவருடைய வேலைப் பையைக் கழுவ எடுத்தபோது, மேசன் கரண்டிக்கும் தூக்குக்குண்டுக்கும் கீழே, பழைய பெனியனில் சுற்றி ஒரு போத்தல் இருந்தது. குலுக்கினால் சத்தம் கேட்கக்கூடாது என்று வாய் வரைக்கும் பஞ்சு அடைத்திருந்தது. எண்ணிப் பார்த்தோம். மாதம் 30 குளிசை, மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது, உள்ளே 9 மிச்சம்.

நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, என்னிடம் எப்போதும் மறைக்கமாட்டார். "குடிச்ச நாள் போடப்படாதாம் புள்ள, ஈரல் கருகிருமாம். மறுநாளும் வாய் மணத்தோட எப்பிடிப் போடுற? திங்கக்கிழம போடுவன்தானே." சனியும் ஞாயிறும் போடுவதில்லை. சம்பளம் முன்னுக்குப் பின்னாக வந்த கிழமையில் இன்னொரு நாளும் விட்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். மருந்து தொடங்கிய புதிதில், ஒரு கிளினிக்கில், கதவு திறந்தபடி, வெளியே வாங்கில் நாலு பேர் இருக்க, "குடிக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தலையை ஆட்டியிருக்கிறார். "குடிச்சுப்போட்டு இந்த மருந்த எடுத்தா ஈரல் போயிடும், விளங்குதா?" என்று அதட்டல். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு அண்ணனின் பதில் "இல்லை". மூன்று வருடமாக அவருடைய பைலில் அந்தக் கட்டத்தில் "இல்லை"தான் இருக்கிறது. குடியை விடவில்லை, குளிசையைத்தான் விட்டார். சொன்னவர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போனது வேறு ஒன்று.

இதை நான் தேடி வாசித்தேன். கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால்தானே நாள் முழுக்க இருக்கிறேன். எங்கள் அண்ணன் மட்டும் இப்படி இல்லையாம். மருந்தும் மதுவும் கலந்தால் நஞ்சாகிவிடும் என்று நம்பிக் குடிக்கிற நாளில் வேண்டுமென்றே மருந்தை விடுகிறவர்களைப் பற்றி அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஆய்வே செய்து எழுதியிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கொடுக்கிற மருந்து டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றைக் குளிசை, 2019 இலிருந்து உலக சுகாதார நிறுவனம் முதல் தெரிவாகச் சொல்வதும் அதைத்தான். அது சாராயத்தோடு சேர்ந்து நஞ்சாகிற மருந்து இல்லை. குடி ஈரலைக் கெடுக்கும், அது தனிக் கதை. காசநோய்த் தடுப்புக்குக் கொடுக்கிற ஐசோனியாசிட் போன்ற சில மருந்துகளோடு குடித்தால் ஈரலுக்கு உண்மையிலேயே ஆபத்துக் கூட, அப்படியானவர்கள் டொக்டரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். ஆனால் குடித்துவிட்டோம் என்பதற்காக அன்றைய எச்.ஐ.வி. குளிசையை விடுவதுதான் வைரசுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை. ஒழுங்காகப் போட்டு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது என்று இப்போது உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அண்ணி பரிசோதித்துப் பார்த்ததில் அவருக்கு இல்லை. அப்படியே இருக்கவேண்டுமென்றால் அந்தச் சனிக்கிழமைக் குளிசை எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். கிளினிக்கில் ஒரு மூலையில், தடுப்பு வைத்து, ஒரு கதிரை, ஒரு டப் (தொடுதிரைக் கொம்பியூட்டர்), ஒரு ஹெட்போன். நோயாளி தன் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் அதில் இருக்கட்டும். காதில் ஒரு குரல் கேள்வி கேட்கும், அவர் படத்தைத் தொட்டுப் பதில் சொல்வார், முடிவில் அவருடைய பதில்களை வைத்தே அந்தக் குரல் அவரோடு கதைக்கும்: நீங்கள் குடிக்கிற அளவு இவ்வளவு, இதனால் உங்களுக்கு இன்ன இன்ன நடக்கலாம், குறைக்க விருப்பமா, குறைப்பதென்றால் எந்த வழி உங்களுக்குச் சரிவரும், இப்போதே முடிவெடுக்க விருப்பமில்லையென்றால் அதுவும் சரி, ஆனால் குடித்த இரவிலும் குளிசையைப் போட்டுவிட்டுப் படுங்கள். வெளிநாடுகளில் இதைக் கொம்பியூட்டர் வழிக் குறுகிய ஆலோசனை என்று பல வருடமாகச் செய்துபார்த்து வருகிறார்கள், எச்.ஐ.வி. கிளினிக்குகளிலும் செய்திருக்கிறார்கள்.

கேள்விகளைப் புதிதாக உண்டாக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஓடிட்' என்ற பத்துக் கேள்விகள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாதது இல்லை. மொத்தப் புள்ளி 40, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்தான குடி என்று எடுக்கிறார்கள். அண்ணனோடு இருந்து முதல் மூன்று கேள்வியை மட்டும் போட்டுப் பார்த்தேன், 9 வந்தது. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கிற, வேலைக்குப் பிந்தாத, வீட்டில் கை நீட்டாத ஒரு மனிதருக்கு 9. அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் குடிகாரன் இல்லையே" என்றார். இல்லைதான். எங்கள் ஊரில் குடிகாரன் என்றால் ரோட்டில் விழுந்து கிடப்பவன், அதற்கு முந்தின நிலைக்கு ஒரு சொல் கூட எங்களிடம் இல்லை. இந்தச் சின்ன ஆலோசனை முறை முக்கியமாக அந்த நடுவில் நிற்கிறவர்களுக்காக உண்டானதுதான்.

மனிதர் கேட்பதை விட்டு ஏன் மெசின் என்று நீங்கள் கேட்கலாம். என் கடையில் தினமும் பார்க்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு, அஸ்வெசும என்ற அரச நிவாரணக் காசுக்கு, பொலிஸ் கிளியரன்சுக்கு என்று விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களிடம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டு அடிப்பேன். திருமண நிலை, கடன், ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்ற இடம் வந்ததும் குரல் இறங்கும், கடையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்வை திரும்பும். ஒரு அக்கா கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்து, "நீ அங்கால பாரு கா" என்றுவிட்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கணவர் விட்டுப்போனதைத் தானே அடித்தார். ஐந்து நிமிடம் எடுத்தது. என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஐந்து வருடம் போதாது. இது எங்கள் ஊர்க் கூச்சம் மட்டும் இல்லை. 1998 இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆண்களோடு உறவு வைத்ததுண்டா என்று எழுத்துத் தாளில் கேட்டபோது பையன்களில் 1.5 சதவீதம்தான் ஓம் என்றிருக்கிறார்கள், அதே கேள்வியைக் கொம்பியூட்டரில் ஹெட்போன் வழியாகக் கேட்டபோது 5.5 சதவீதம். கேள்வி ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு.

எங்கள் மாவட்டங்களில் கேட்கிறவரின் முகம் இன்னும் பெரிய விசயம். மருந்து தருகிறவர் மாமி வீட்டுக்குப் பக்கத்து வளவாக இருப்பார், கார்ட் எடுக்கிற தம்பி பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூடம் படித்திருப்பார். அதனால்தான் களுவாஞ்சிக்குடி ஆள் மட்டக்களப்புக்கு வராமல் கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறுகிறார். முஸ்லிம் சகோதரர் ஒருவருக்கு இன்னும் கஷ்டம், குடி மார்க்கத்தில் விலக்கப்பட்டது, காத்தான்குடியோ அக்கரைப்பற்றோ தன் ஊர்த் தாதியிடம் அவர் எப்படி "குடிக்கிறேன்" என்று வாய் திறப்பார்? எச்.ஐ.வி. என்ற ஒரு சுமையே தலையில் இருக்க இரண்டாவதை யார் தூக்குவார்? பெண்களும் அப்படித்தான். குடிக்கிற பெண் என்று ஒருவர் இருப்பதாகவே நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் அவரிடம் கேட்பதும் இல்லை. தொழுநோய் வந்தவரை வாவிக்கு நடுவில் மாந்தீவில் கொண்டுபோய் வைத்த ஊர்க்காரர் நாங்கள். ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்று யாரும் எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இது மந்திரம் என்று நான் சொல்லவில்லை. 2017 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற கொக்ரேன் நிறுவனம் 57 ஆய்வுகளை, 34,390 பேரைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி டிஜிட்டல் ஆலோசனை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கிழமைக்கு ஏறக்குறைய 23 கிராம் மதுசாரம் குறைவாகக் குடித்திருக்கிறார்கள். 10 கிராம் ஒரு அளவு என்று கணக்கெடுத்தால் இரண்டு அளவு சொச்சம். சின்னதுதான். அது பொதுமக்களிடம் செய்த ஆய்வுகள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்தவற்றில் எனக்கு நம்பிக்கை தந்தவை இரண்டு. நியூயோர்க்கில் 2013 இல் வெளிவந்த ஒன்றில், முதலில் ஒரு ஆலோசகர் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, பிறகு 60 நாள் நோயாளியே தினம் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து, இன்று எவ்வளவு குடித்தேன், மருந்து போட்டேனா என்று இரண்டொரு நிமிடம் சொல்லும்படி செய்தார்கள். குடிக்கு அடிமையானவர்களில், ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இந்தத் தொலைபேசியும் சேர்ந்தவர்கள் குறைவாகக் குடித்தார்கள். மற்றது வியட்நாமில் தாய் ங்குயென் மாகாணத்தில், 7 கிளினிக்குகளில் 440 பேரிடம் செய்தது, 2020 இல் வெளிவந்தது. அங்கே கதைத்தவர்கள் மனிதர்கள், மெசின் இல்லை. ஆனால் நீண்ட ஆலோசனையையும், இரண்டு தரம் நேரில் இரண்டு தரம் போனில் என்ற குறுகிய ஆலோசனையையும் ஒப்பிட்டார்கள், குடியைக் குறைப்பதில் குறுகியது பின்நிற்கவில்லை, வைரஸ் அடங்குவதிலும் அதற்கு நல்ல பலன் வந்தது. வியட்நாம் பணக்கார நாடு இல்லை, அங்கேயும் சோற்றோடும் சாவு வீட்டோடும் கல்யாணத்தோடும் சேர்ந்ததுதான் குடி.

ஆகவே இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். கேட்பதை மெசின் செய்யட்டும், அதற்குப் பிறகு நோயாளி விரும்பினால் ஒரு மனிதர் கதைக்கட்டும். 20 புள்ளியோ அதற்கு மேலோ வருகிறவர், விடிந்ததும் கை நடுங்குகிறவர், இப்படியானவர்களை டப்போடு விட்டுவிடக்கூடாது. அவர்கள் திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே, கையோடு, வரிசையில் நிற்க விடாமல் அனுப்ப ஒரு ஒழுங்கு வேண்டும்.

அப்புறம் மொழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும். தமிழில் வருகிற அரச படிவங்களை நான் தினமும் நிரப்புகிறவள். பாதியை நானே ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது, சில இடத்தில் சிங்களப் பக்கத்தைப் பார்த்தால்தான் தமிழ் விளங்கும். 'வழமையாக மதுபானம் அருந்தும் நாளொன்றில் எத்தனை நியம அலகுகள்' என்று ஹெட்போனில் வந்தால் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் அலகில் குடிப்பதில்லை. கால் போத்தலாகக் குடிப்பார்கள், அரைப் போத்தலாகக் குடிப்பார்கள், டின்னாகக் குடிப்பார்கள். திரையில் அந்தப் போத்தல்களின் படம் வரட்டும். கணக்கை மெசின் பார்க்கட்டும்: 180 மில்லி கால் போத்தல் சாராயம் கிட்டத்தட்ட ஐந்து அளவு, 375 மில்லி அரைப் போத்தல் பத்து, 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி டின் ஒன்று மூன்றரை. பியர்தானே என்று டின் டின்னாகக் குடிக்கிற தம்பிமாருக்கு அந்தக் கடைசிக் கணக்கு ஒன்றே பெரிய செய்தி. கசிப்புக்கு யாரும் சதவீதம் எழுதி விற்பதில்லை, அதனால் கசிப்பு என்று தனியாகக் கேளுங்கள், கிளாசையும் சோடாப் போத்தலையும் படமாகப் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு போத்தல் வாங்கிக் குடிப்பதற்கும் ஒரு படம் வேண்டும், அநேகமாக நடப்பது அதுதான்.

குரல் எங்கள் பக்கத்துக் குரலாக இருக்கட்டும். வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டாம், தொலைக்காட்சி நாடகத் தமிழும் வேண்டாம். முஸ்லிம் பேச்சுக்கும் எங்கள் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், இரண்டிலும் பதியுங்கள், அம்பாறை நகரத்துக்குச் சிங்களத்திலும் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் வெட்கப்படாமல் இருக்க எல்லாமே காதில் வரவேண்டும்.

பதில்கள் எங்கே போகும் என்பதையும் முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் கேட்கக்கூடாது, அடையாள அட்டை இலக்கம் கேட்கக்கூடாது. டொக்டருக்குக் காட்டவா வேண்டாமா என்று கடைசியில் நோயாளியிடமே கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் அதோடு அழிந்துபோகவேண்டும். குடிக்கிறேன் என்று சொன்னதற்காக ஒருவருக்கும் மருந்து பிந்தக்கூடாது, ஏச்சு விழக்கூடாது. இதில் ஒருமுறை பிழைத்தால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு அந்தக் கதிரையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

காசு பற்றிச் சொல்வீர்கள். நாட்டின் நிலைமை தெரியாமல் எழுதவில்லை, என் கடையிலும் பேப்பர் கட்டு வாங்க இரண்டு தரம் யோசிக்கிறேன். ஆனால் இந்த நாடு 2019 இல் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிய நாடு. மருந்தை இலவசமாகக் கொடுக்கிறீர்கள், பரிசோதனையை இலவசமாகச் செய்கிறீர்கள், அதற்காக எங்கள் குடும்பம் உங்களைக் கும்பிடுகிறது. இவ்வளவும் செய்து அந்தக் குளிசை வேலைப் பையில் பஞ்சுக்குள் கிடந்தால் அந்தச் செலவும் சேர்ந்து வீண்போகிறது. ஒரு டப்பும் ஒரு ஹெட்போனும் ஒரு தடுப்புத் துணியும் ஒரு கிளினிக்கில் முதலில் வையுங்கள். ஆறு மாதம் பாருங்கள். சரிவரவில்லையென்றால் எடுத்துவிடுங்கள், அந்த டப் வேறு வேலைக்கு உதவும்.

அதுவரைக்கும், இன்றைக்கே, காசு இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குளிசை கொடுக்கிற யன்னலில், குடிக்கிறீர்களா என்று கேட்காமலே, எல்லோருக்கும் ஒரே மாதிரி, "குடிச்சாலும் குளிசைய விட்டுராதீங்க" என்று ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள். எல்லோருக்கும் சொன்னால் யாரையும் சுட்டியதாக ஆகாது.

அண்ணன் இப்போது சனிக்கிழமை வேலைக்குப் போகுமுன் காலையிலேயே போட்டுவிடுகிறார், மற்ற நாளும் அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டார், கிளினிக்கில் கேட்டுத்தான் மாற்றினார். குடி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இந்த மாதம் போத்தலில் மிச்சம் ஒன்று.

அந்தப் பத்துக் கேள்விகளையும் எங்கள் பேச்சில் எழுதி, கடையில் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மேசன் பென்சிலால் நாலு இடத்தில் வெட்டித் திருத்தியிருக்கிறார். 'மது அருந்துவீர்களா' என்று நான் எழுதியதை வெட்டிவிட்டு, 'குடிக்கிறயா தம்பி, பயப்படாமச் சொல்லு' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாளை அப்படியே ஒரு உறையில் போட்டு, அனுப்புநர் பெயர் இல்லாமல், இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தங்கச்சி